வேங்கைவயலும் மரபணுப் பொருத்தமும்: மாதிரி கொடுக்குமுன் அறிய வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிநீர் பெற்ற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது. தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியோடு ஒப்பிட டிஎன்ஏ பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பாதிக்கப்பட்ட மக்களே. சிலர் மறுத்தனர். பின்னர் நீதிமன்ற ஆணைகளின்படி சிறார் உள்ளிட்டோரிடம் மாதிரிகள் பெறப்பட்டன. எவருடையதும் பொருந்தவில்லை என்றே செய்திகள் வெளிவந்தன. எனினும் 2025 ஜனவரியில் வேங்கைவயலைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இதே மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைக்கோ வேறெந்தச் சேரிக்கோ நாளை இத்தகைய அழைப்பு வரலாம். எனவே மரபணு ஒப்பீடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒப்பீடு இரு வகை

முதலாவது, நேரடிப் பொருத்தம். சம்பவ இடத்து மாதிரியும் ஒருவரது மாதிரியும் ஒரே ஆளுடையவையா என்று தடய அறிவியல் ஆய்வகம் பார்க்கிறது. இரண்டாவது, உறவுப் பொருத்தம். இருவர் எவ்வளவு மரபணுவைப் பகிர்கின்றனர் என்பதைக் கொண்டு உறவு கணிக்கப்படுகிறது. பெற்றோரும் பிள்ளையும் பாதியைப் பகிர்வர். உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதி. தாய்மாமனும் மருமகளும் கால்பங்கு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 1970, 80களில் நடந்த தொடர் கொலைகளுக்காக முன்னாள் காவலர் ஒருவர் 2018இல் கைதானது இவ்வழியில்தான். அவரது தூரத்து உறவினர்கள் வம்சாவளி அறிவதற்காகத் தந்த தரவுகளே அவரைக் காட்டிக்கொடுத்தன.

ஆகவே ஒருவர் தரும் மாதிரி அவர் ஒருவரை மட்டும் சார்ந்ததன்று. சிறுவனின் மாதிரி அவன் தந்தையைப் பற்றியும் பேசும். ஆண்வழி ஒய் குரோமோசோம் பொருந்தினால் அது ஓர் ஆளை அன்று, தந்தைவழி ஆண்கள் அனைவரையும் சுட்டும்.

சொந்தத்துக்குள் திருமணமும் தவறான கணிப்பும்

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறைகளாக மணமுடித்த சிற்றூரில் ஒரே மூதாதையரின் மரபணு பல வழிகளில் வந்து சேர்கிறது. பகிர்வின் கூட்டுத்தொகை பெருகி, தூரத்து உறவினர் நெருங்கிய உறவினராகத் தோன்றுவர். இதைக் கணக்கில் கொள்ளாத உறவுக் கணிப்பு அப்பாவிகளைச் சந்தேக வளையத்துக்குள் தள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது

கைதானவரிடம் மருத்துவப் பரிசோதனையின் பகுதியாக மாதிரி எடுக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51ஆம் பிரிவு இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளப்படுத்துதல்) சட்டம் விசாரணைக்காக எவரிடமும் மாதிரி பெற ஆணையிடும் அதிகாரத்தை நடுவருக்குத் தருகிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் வழிசெய்கிறது. டிஎன்ஏ தரவை முறைப்படுத்துவதற்கெனக் கொண்டுவரப்பட்ட தனி மசோதாவோ 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பின்னரும் நிலை இதுவே.

2025 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கொன்றில் டிஎன்ஏ மாதிரிகளைக் கையாள உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதற்குப் பதிவேடு வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எழுத்துமூல ஆணை உள்ளதா? நாம் சாட்சியா, சந்தேக நபரா? மாதிரி எதனோடு ஒப்பிடப்படும்? உறவுப் பொருத்தமும் பார்க்கப்படுமா? முடிவின் நகல் கிடைக்குமா? தரவு எப்போது அழிக்கப்படும்? விடை எழுத்தில் வரும்வரை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். நீதிமன்ற ஆணை வந்திருந்தால் உடனே வழக்கறிஞரை அணுகுக.

அறிவியல் சோதனைக்கு நாம் எதிரிகள் அல்லர். சோதனையின் சுமை பாதிக்கப்பட்டவர் மீதே விழுவதைத்தான் எதிர்க்கிறோம்.