கறுப்பு என்பது அவருக்குத் தோலின் நிறமல்ல

ரெய்னர்ஸ் லேனில் நம்மவர் கதைக்கும்போது 'காப்பிலி' என்ற சொல்லை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அரபுச் சொல்லான 'காஃபிர்' போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்து, எங்கள் தமிழுக்குள்ளும் நுழைந்துகொண்டது. சொல்பவர்கள் எல்லோரும் வன்மத்தோடு சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'நாங்கள் வேறு, அவர்கள் வேறு' என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை வாழ்நாள் முழுவதும் மறுத்த ஒரு தமிழர் இதே நகரத்தில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அம்பலவாணர் சிவானந்தன் 1923இல் பிறந்தார். கொழும்பில் வங்கி முகாமையாளராக இருந்தவர், 1958 இனக்கலவரத்தின் பின் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். லண்டன் வந்தபோது நொட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர்கள் கரீபியர்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே தமிழர் என்பதால் அடி. இங்கே கறுப்பர் என்பதால் அடி. இரண்டையும் ஒரே ஆண்டில் கண்டவருக்கு, இரண்டும் ஒரே பேரரசு விட்டுச்சென்ற வினைகளாகத் தெரிந்தன.

அதே 1958இல், திரினிடாட்டில் பிறந்து அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கிளோடியா ஜோன்ஸ், பிரிக்ஸ்டனில் 'வெஸ்ட் இந்தியன் கஸெட்' பத்திரிகையைத் தொடங்கினார். அதன் முழுப்பெயரில் 'ஆபிரிக்க–ஆசிய' என்ற சொற்களும் இடம்பெற்றன. நாங்களும் அந்தப் பெயருக்குள் இருந்தோம்.

நூலகத்தில் எடுபிடி வேலையில் தொடங்கி நூலகரான சிவானந்தன், 1964இல் இன உறவுகள் நிறுவனத்தில் தலைமை நூலகராகச் சேர்ந்தார். அரசுக்கும் பெருவணிகத்துக்கும் ஆலோசனை சொல்லும் இடமாக இருந்த அந்நிறுவனத்தில், 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் நிர்வாகத்தைத் தோற்கடித்தார்கள். பணம் கொடுத்தவர்கள் விலகினார்கள். மறு ஆண்டு அவர் இயக்குநரானார். 'ரேஸ்' என்ற ஆய்விதழ் 1974இல் 'ரேஸ் அன்ட் கிளாஸ்' ஆனது.

ஆபிரிக்கர், கரீபியர், ஆசியர் மூவருக்கும் ஒரே தொழிற்சாலையும் ஒரே வாடகைவீடும் ஒரே பொலிஸும் வாய்த்ததால் பிறந்த ஒற்றுமையையே அவர் 'கறுப்பு' என்றார். அது அரசியலின் நிறம். அரசு எண்பதுகளில் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக நிதி பிரித்தபோது, போராட்டம் பண்பாட்டு விழாவாகச் சுருங்குகிறது என்று கண்டித்தார். தாரிக் மொடூட் போன்றவர்கள், இந்தப் பெயர் ஆசியரின் தனித்துவத்தை மறைக்கிறது என்று வாதிட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் பெயரைக் கைவிட்டபோது கூடவே தோழமையையும் கைவிட்டோமா என்பதுதான் என் கேள்வி.

1987 பெப்ரவரியில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் ஹீத்ரோ விமானநிலையத்தில் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒழுங்கான ஆவணமில்லாதவர்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. பிரித்தானியாவின் முதலாவது கறுப்பர் வரலாற்று மாதமும் அதே ஆண்டு ஒக்டோபரில்தான் லண்டனில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் இன்று அந்த மாதத்தில் மண்டேலாவையும் ரோசா பார்க்ஸையும் படிக்கிறார்கள். பெற்றோர் அதை யாருடையதோ ஒரு வரலாறாக நினைக்கிறார்கள்.

சிவானந்தன் 2018 ஜனவரியில் காலமானார். இலங்கையின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் 'வென் மெமரி டைஸ்' நாவலுக்காக நாம் அவரை நினைக்கிறோம். ஆபிரிக்க வழிவந்தவர்களோடு தோளோடு தோள் நின்ற சிவானந்தனையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அவர்கள் படிக்கும் அந்த வரலாற்றில் தங்களுக்கும் ஓர் இடம் இருந்ததை அவர்கள் அறியட்டும்.