வண்டியில் இருந்த இன்னொருத்தி

சங்கரன்கோவிலில் என் மாணவிகளுக்கு ஏமி கார்மைக்கேலைச் சொல்லும்போது டோனாவூரில் தொடங்குவதில்லை, மாட்டுவண்டியில் தொடங்குவேன். 1896இல், முப்பதைத் தொடாத வயதில், அந்த அயர்லாந்துப் பெண் நெல்லைச் சீமைக்கு வந்தார். தமிழ்ப் பாடம், வண்டிப் பயணம், திண்ணை, வசவு, மறுபடி வண்டி. இதுதான் அன்றாடம். புடவை கட்டிக்கொண்டார். உள்வீட்டுப் பெண்களோ வேதத்தைக் கேட்பதற்கு முன் அவரைத்தான் கேட்டார்கள்: கல்யாணம் ஆனதா, கைம்பெண்ணா, தலைக்கு ஏன் எண்ணெய் வைக்கவில்லை? 1903இல் வந்த தன் நூலில் அவரே இதைப் பதிந்திருக்கிறார். (தனியாக வெளியூர் போகும் ஆசிரியைக்கு இன்றும் முதலிரண்டு கேள்விகள் உண்டு.)

அந்த வண்டியில் பொன்னம்மாளும் இருந்தார். இளம் விதவை, மாமியார் வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர். கிறிஸ்தவ வீட்டிலும் கைம்மை கைம்மைதான். அதை உடைத்து ஊர் ஊராகப் போனார் என்பது எனக்கு ஏமியின் கடல் பயணத்தைவிடப் பெரிய பயணம். ஏமிக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. இவருக்கு அந்த மாமியார் வீடுதான். 1901க்குப் பிறகு கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண் குழந்தைகள் டோனாவூருக்கு வரத் தொடங்கினார்கள். கைக்குழந்தைகளுக்காக நெய்யூரில் நடந்த காப்பகத்தைப் பொன்னம்மாள்தான் நடத்தினார். 1915இல் புற்றுநோயில் இறந்தார்.

அவரை நாம் அறிவது ஏமி ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகத்தான். அதில் அவர் பொறுமையே உருவானவர். மாமியார் வீட்டின் மேல் அவருக்கு இருந்திருக்க வேண்டிய கோபத்தை நான் அந்த வரிகளுக்கிடையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.