கைவேலை வேறு, குலத்தொழில் வேறு



ஆரம்பப் பள்ளியிலேயே பொறியியல் சொல்லித் தர வேண்டும், அதற்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். கேட்கப் புதிதாக இருக்கும். நம் நாட்டில் இதற்கு எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் நடந்த மாநாட்டில் ஆதாரக் கல்வி பிறந்தது. ஒரு கைத்தொழிலைச் செய்துகொண்டே கணக்கும் அறிவியலும் மொழியும் கற்பதுதான் அது. தக்ளியில் நூற்ற நூலை அளந்தால் கணக்கு. பஞ்சு எங்கே விளைகிறது என்று கேட்டால் புவியியல். சேவாகிராமத்தில் இந்தப் பணியை முன்நின்று நடத்தியவர் ஆரியநாயகம் என்ற இலங்கைத் தமிழர். நம் மாவட்டத்திலேயே 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இந்தக் கல்விக்குப் பேர்பெற்றது. ஆனால் பல பள்ளிகளில் நூற்பு ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. இரண்டையும் இணைக்கத் தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை.

1953-இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் அதன்பின் ‘கைவேலை’ என்றாலே, நம் பிள்ளையைப் பழைய இடத்துக்கே தள்ளப் பார்க்கிறார்களோ என்ற பயம் பெற்றோர் மனதில் தங்கிவிட்டது.

அந்தப் பயத்துக்கு ஒரு பதில் மத்தியப் பிரதேசத்தில் கிடைத்தது. 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. அங்கே ஆசிரியர் பயிற்சி என்றால் சொற்பொழிவு கிடையாது. ஆசிரியர்களே மாணவர்களாக உட்கார்ந்து, ஒவ்வொரு சோதனையையும் தம் கையால் செய்து, தப்பாய்ப் போனால் ஏன் என்று தமக்குள் வாதாடினார்கள். பொறியாளர் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவங்கள் செய்துகாட்டியதும் அங்கேதான். 2002 வரை அத்திட்டம் நடந்தது.

நம் நாயுடுபுரம் போன்ற மலைச்சரிவு ஊருக்கு இது நன்றாகப் பொருந்தும். தடுப்புச்சுவரில் ஓட்டைகள் விடுவது ஏன்? மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கினால் மண் கனத்துச் சுவரைத் தள்ளும்; ஓட்டை வழியே நீர் வடிந்தால் சுவர் தப்பிக்கும். ஒரு தட்டு மண், கொஞ்சம் கல், ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைக் கட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்த ஆசிரியர் முதலில் தாமே ஒரு சுவர் கட்டி, அது சரிவதைப் பார்த்திருக்க வேண்டும்.

2022-இல் நம் அரசு தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கானது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பாசிரியரைத்தான் நம்ப வேண்டும்.

அப்பன் தொழிலை மகனுக்குக் கட்டுவது குலக்கல்வி. எந்த வீட்டுப் பிள்ளையும் ‘இது ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது’ என்று கேட்பது பொறியியல். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் பயிற்சி பெற்ற ஆசிரியர். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நாளைக்கே ஒரு தட்டில் மண் எடுங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று இங்கே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.