மண்டையோட்டை விடுங்க, பின்னிறக்கையைப் பாருங்க

இன்னைக்கு எபிசோட் ஒரு திருத்தத்தோட தொடங்குது. தப்பு பண்ணது நான்தான்.

போன மாசம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் போட்டோ அனுப்பியிருந்தார். அபார்ட்மென்ட் மாடிப்படி, டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஒரு பெரிய அந்துப்பூச்சி. முதுகுல அச்சு அசலா மண்டையோடு. வாட்ச்மேன் அண்ணன் விளக்குமாறோட நிக்கிறாராம். "இது என்ன பூச்சி, கடிக்குமா?" கடிக்காது, விட்டுடுங்கன்னு சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். 'அக்கெரோன்டியா ஸ்டிக்ஸ்'னு பெயரையும் சொல்லிட்டேன். அவர் அதை ஐநேச்சுரலிஸ்ட்ல பதிவும் பண்ணிட்டார்.

ஏன் ஸ்டிக்ஸ்? வெட்கமா இருக்கு, ஆனா சொல்றேன்: சினிமா. 1991-ல வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' படத்தில் அந்தப் பெயரைத்தான் சொல்வாங்க. அந்தப் பட போஸ்டரை நம்பிப் பூச்சியை அடையாளம் காணவும் முடியாது. அதில் இருக்கிற மண்டையோடு பூச்சியோடதே இல்லை. சால்வடோர் டாலியை வைத்து ஃபிலிப் ஹால்ஸ்மன் எடுத்த ஒரு போட்டோவில், ஏழு பெண்கள் சேர்ந்து மண்டையோடு வடிவத்தில் இருப்பாங்க. அதைத்தான் பூச்சியோட முதுகில் ஒட்டியிருக்காங்க.

மண்டையோட்டுப் பூச்சி ஒண்ணு இல்லை, மூணு. 1758-ல லின்னேயஸ் பெயர் வைத்த அட்ரோபாஸ், ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. 1798-ல ஃபேப்ரீஷியஸ் பெயரிட்டது லாகெசிஸ். 1847-ல வெஸ்ட்வுட் பெயரிட்டது ஸ்டிக்ஸ். அட்ரோபாஸும் லாகெசிஸும் கிரேக்கப் புராணத்தில் மனுஷ ஆயுளை நூலா அளக்கிற, அறுக்கிற தேவதைகள். ஸ்டிக்ஸ் பாதாள உலகத்து ஆறு. தேன்கூட்டில் புகுந்து தேன் திருடுகிற ஒரு பூச்சிக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

லாகெசிஸ், ஸ்டிக்ஸ் ரெண்டுமே நம்ம ஊரில் உண்டு. ஸ்டிக்ஸ் புழுவை எள் போடுகிற விவசாயிகளுக்குத் தெரிஞ்சிருக்கும்: விரல் தடிமன், வால் பக்கம் ஒரு கொம்பு.

பதில் போட்ட பிறகு உறுத்திச்சு. பழைய புத்தகத்தைத் திறந்தேன். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரரா இருந்து, பிறகு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போன ஜார்ஜ் ஹாம்ப்ஸன் எழுதினது. 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' வரிசையில், அந்துப்பூச்சிகள் பற்றி நாலு தொகுதி, 1892-லிருந்து 1896 வரை.

அவர் காலத்து வர்ணனைகளைப் படிக்கும்போது ஒண்ணு புரியும். அவங்க பார்த்தது செத்த பூச்சி. இறக்கை நாலையும் விரிச்சு, ஊசி குத்தி, பெட்டியில் வைத்தது. அதனால பின்னிறக்கையோட நிறம், பட்டை எல்லாம் அவங்களுக்குக் கண்ணுக்கு நேரா இருந்தது. நம்ம போனில் விழுவது உயிரோட உட்கார்ந்திருக்கிற பூச்சி. அது முன்னிறக்கையைக் கூரை மாதிரி போட்டுப் பின்னிறக்கையை மூடிடும். அவங்க முக்கியமா எழுதி வைத்த இடம் நமக்குத் தெரியாது. நமக்குப் பளிச்சுனு தெரிகிற மண்டையோடு மூணுக்கும் பொது. அதை மட்டும் வைத்துப் பெயர் சொல்றது, மீசையைப் பார்த்து ஆளைச் சொல்ற மாதிரி.

ஸ்டிக்ஸுக்குப் பின்னிறக்கை மஞ்சள், அதில் ரெண்டு கறுப்புப் பட்டை. லாகெசிஸுக்கு இறக்கை உடம்போடு சேர்கிற இடத்திலேயே பெரிய கறுப்புத் திட்டு இருக்கும்.

நேயர்கிட்ட வேற படம் இருக்கான்னு கேட்டேன். ஒரு வீடியோ இருந்தது. விளக்குமாறு கிட்டே வந்ததும் பூச்சி 'கீச்'னு கத்துது. நிஜமாவே கத்தும், வாய் வழியா காற்றை இழுத்துத் தள்ளி. கத்தும்போதே இறக்கையைத் தூக்குது. அந்த ஒரு நொடியில் நிறுத்திப் பார்த்தா, அடியில் கறுப்புத் திட்டு. லாகெசிஸ்.

நேயர் பதிவைத் திருத்திட்டார். அந்த ஒரு நொடிப் படத்தையும் இப்போ சேர்த்திருக்கார்.