அனுமதி கேட்கும் வாசல்

கூடலூர் மூன்று மாநிலங்களின் பாதைகள் கூடுகின்ற ஊர். உதகையிலிருந்து இறங்கி வருகின்ற சாலை இங்கே கிளை பிரிகின்றது. ஒன்று முதுமலைக் காட்டினூடே மைசூருக்கும், ஒன்று நாடுகாணி வழியே நிலம்பூருக்கும், மற்றொன்று தேவர்சோலை, பாட்டவயல் வழியே சுல்தான் பத்தேரிக்கும் செல்கின்றன. இப்பாதைகளில் மிளகும் காப்பியும் தேயிலையும் மட்டுமா போயின? குடும்பங்களின் சேதிகளும் போயின. சமவெளியிலிருந்து வணிகத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள், மலபாரிலிருந்து வந்த மாப்பிள்ளைமார், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த தொழிலாளர் ஆகிய யாவருக்கும் குடும்பத்தின் ஒரு பாதி வேறோர் ஊரில் இருந்தது. பின்னாளில் அப்பாதி வளைகுடா நாடுகளுக்கும் சென்றது. இத்தகைய ஊரில் கடிதம் என்பது வெறுங்காகிதமன்று. வீட்டின் ஓர் அறையே வழியில் பயணம் செய்வதற்கு ஒப்பாகும்.

அன்று அக்கடிதத்தின் மறைவைக் காத்தவர் யார்? இன்று கைபேசிக்குள் குடியேறிவிட்ட அதே குடும்பச் சேதியைக் காப்பவர் யார்? இவ்விரு வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நம் நோக்கமாகும்.

கைகளில் இருந்த அமானிதம்

எழுத்தறியாத தாய்க்கு மகன் விடுத்த கடிதம் பல கைகளைக் கடந்தே அவள் செவியை அடைந்தது. அங்கே எழுதிக் கொடுத்தவர் ஒருவர். சுமந்து வந்த தபால்காரர் ஒருவர். திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டியவர் ஒருவர். வீட்டின் கடனையும் பிணியையும் மகளின் திருமணப் பேச்சையும் படித்துக் காட்டியவர் அறிந்தார். அறிந்ததை வெளியில் சொல்லாதிருப்பது அமானிதம் என்ற உணர்வே அவ்வீட்டின் பூட்டாக இருந்தது. எல்லாரும் அவ்வாறு நடந்தனர் என்று கூறுவதற்கில்லை. எனினும், வாய் தவறியவர் இன்னார் என்று ஊர் அறியும். அடுத்த கடிதம் அவரிடம் போகாது.

நம் மூதாட்டியர் பலர் தமிழ் எழுத்தைக் கல்லாவிடினும், திருமறை ஓதப் பழகிய அரபு எழுத்தில் தமிழை எழுதினர். அரபுத்தமிழ் என்னும் அவ்வெழுத்து மறைப்பதற்காகத் தோன்றியதன்று. ஆயினும், பிறர் எளிதிற் படிக்க இயலாத கடிதத்தைப் பெண்கள் எழுதிக்கொள்ள அது வழி செய்தது.

சட்டமும் இந்தக் கைகளைக் கட்டியது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டம், முறையின்றிக் கடிதத்தைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியருக்கு ஈராண்டுவரை சிறை விதித்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், சேதியை வெளியிடும் தந்தி ஊழியரைத் தண்டித்தது. ஆனால், ஊழியரின் கையைக் கட்டிய அதே சட்டங்கள் அரசின் கையில் ஒரு திறவுகோலையும் கொடுத்தன. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்களைக் காட்டிக் கடிதத்தையும் தந்தியையும் இடைமறிக்க ஆங்கில அரசு உரிமை வைத்துக்கொண்டது. விடுதலைக்குப் பின்னும் அத்திறவுகோல் உருக்கப்படவில்லை.

வாசலின் சட்டம்

இங்கே நாம் சற்று நின்று, நம் மார்க்கம் வகுத்த நெறியை நினைவுகூர வேண்டும். பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, சலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பணிக்கின்றது. திரும்பிச் செல்லுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்று அடுத்த வசனம் அறிவிக்கின்றது. துருவித் துருவி உளவறிவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விலக்குகின்றது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துள் ஒருவர் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, பார்வையின் காரணமாகவே அனுமதி கேட்கும் விதி ஏற்பட்டது என்ற கருத்தை அண்ணலார் உணர்த்தினார்கள். கால் நுழையாமல் கண் மட்டும் நுழைந்தாலும் அத்துமீறலே என்பது இதன் பொருள். கைபேசிக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான நெறி வேறு உண்டோ?

இந்நெறி ஆட்சியாளரையும் விட்டுவைக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் ஒரு வரலாற்றை எடுத்துரைக்கின்றார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே இறங்கி, பாவத்தில் இருந்த ஒருவரைக் கண்டு கடிந்தனர். அம்மனிதரோ, தாம் செய்த தவறு ஒன்றென்றால் கலீஃபா செய்தவை மூன்று என்றார்: உளவறிந்தது, வாசல் வழியே வராதது, அனுமதி கேளாதது. உமர் (ரலி) அவர்கள் அவரை மன்னித்து வெளியேறினார்கள் என்று அவ்வரலாறு முடிகின்றது.

நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

நம் நாட்டு நீதிமன்றங்களின் வரலாற்றிலும் இத்தகைய கதவு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் ஒரு கொள்ளை வழக்கில் சான்றின்றி விடுவிக்கப்பட்டவர். எனினும், காவலர் அவரைத் தொடர்ந்து கண்காணித்து, இரவுகளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி வந்தனர். 1962இல் உச்ச நீதிமன்றம் அவ்விரவு வருகைகளைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஆனால், அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் அளிக்கும் உரிமையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சுப்பா ராவ் அவர்கள், அது தனிமனிதச் சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்று மாறுபட்டு எழுதினார். அச்சிறுபான்மைக் குரல் வெல்ல ஐம்பத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இடையில் நிகழ்ந்தவை பல. 1986இல், கடிதங்களை இடைமறிக்கும் அரசின் அதிகாரத்தை விரிவாக்கும் அஞ்சல் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜைல் சிங் அதற்கு ஒப்புதல் தராமலேயே வைத்திருந்தார், அது சட்டமாகவில்லை. 1988இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரினால் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1994இல் 'நக்கீரன்' ஆசிரியர் தொடுத்த வழக்கில், தன் குடும்பம், மணவாழ்வு, மக்கட்பேறு முதலியவற்றைப் பிறர் தலையீடின்றிக் காத்துக்கொள்ளும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1996இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர், உள்துறைச் செயலாளரின் ஆணையின்றித் தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாகாது என்றும், அவ்வாணைக்குக் கால வரம்பு உண்டு என்றும் விதித்தனர். இறுதியில், 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர்.

இதனைக் கொண்டு நாம் கவலையற்றிருக்கலாமா? இயலாது. 2023ஆம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டத்தில் இடைமறிக்கும் அதிகாரம் தொடர்கின்றது. கடிதத்தை முறையின்றிப் பிரிக்கும் ஊழியரைத் தண்டிக்கும் பழைய பிரிவோ இடம்பெறவில்லை. அதே ஆண்டு இயற்றப்பட்ட எண்மத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களை வாங்கும் நிறுவனங்கள் நம் ஒப்புதலைப் பெறவேண்டும் என்கின்றது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோரின் ஒப்புதலையும் கேட்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால், அரசுத் துறைகளுக்கு அதில் விரிந்த விலக்குகள் உள்ளன. நிறுவனங்களைப் பொறுத்தவரையிலும், ஒப்புதல் தருவதா மறுப்பதா என்பது நம் விரலில் இருக்கின்றது. அவ்விரல் என்ன செய்கின்றது என்பதே இன்றைய கேள்வி.

கைபேசியின் வாசல்

கைபேசியில் ஒரு செயலியைப் பதிக்கும்போது, அதுவும் வாசலில் நின்று அனுமதி கேட்கின்றது. தொடர்பு எண்களைக் காணலாமா, படங்களைத் திறக்கலாமா, ஒலிவாங்கியைக் கேட்கலாமா, இருப்பிடத்தை அறியலாமா என்று ஒவ்வொன்றாக வினவுகின்றது. நாமோ வந்தவர் யார் என்றும் பாராமல், ஒவ்வொரு முறையும் உள்ளே வருக என்று கதவைத் திறந்து விடுகின்றோம். அந்நியர் வீட்டுக்கு வந்தால் பெண்கள் உள்ளறைக்குச் செல்லும் வரை காத்திருக்கச் செய்யும் குடும்பம், அவ்வறையின் படங்கள் அனைத்தையும் முகமறியாதவனுக்கு ஒரு தொடுதலில் திறந்து வைக்கின்றது.

இதன் விளைவை வரலாறு காட்டியிருக்கின்றது. தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்னும் செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதித்திருந்தனர். அதன் பயனாளர் இருப்பிட விவரங்கள் 'எக்ஸ்-மோட்' என்னும் நிறுவனத்துக்குச் சென்றன என்பதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளருள் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர் இருந்தனர் என்பதையும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' செய்தித்தளம் வெளிக்கொணர்ந்தது. உடனே அத்தொடர்பை முறித்துக்கொண்டதாகச் செயலியினர் அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டிடம் போன்ற நுண்ணிய இருப்பிட விவரங்களை விற்பதற்கு 'எக்ஸ்-மோட்'டின் வழிவந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது. கிப்லாவை அறிய இருப்பிடம் தேவைதான். ஆனால், தொழுது முடிந்த பின்னும் அது நம்மைப் பின்தொடரத் தேவையில்லை.

கடன் செயலிகளின் கதை இன்னும் கொடியது. சில ஆயிரம் ரூபாய்க்காக அவற்றைப் பதித்தவர்களின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, திருத்திய படங்களை உறவினர்க்கு அனுப்பி மிரட்டினர். கடன் செயலிகள் தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பட்டியலையோ தொடலாகாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பணித்தது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும் நம் பெண்மக்களின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து திருடி, ஏலப்பொருள் போலக் காட்டிய இரு செயலிகளின் பெயர்களை இவ்வேட்டில் எழுதக் கை கூசுகின்றது. குற்றம் திருடியவர்களுடையது, படத்தை வெளியிட்ட பெண்களுடையதன்று. ஆனால், பிள்ளைகளின் படங்களையும் வீட்டு விசேஷங்களையும் உலகம் காண வைப்பதற்கு முன் அவற்றிலுள்ள ஒவ்வொருவரின் சம்மதத்தையும் கேட்பது நம் கடமையாகும்.

பூட்டும் திறவுகோலும்

கூஃபாவிற் பிறந்து பக்தாதில் வாழ்ந்த ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி, மறைகுறியாக எழுதப்பட்ட கடிதத்தை உடைக்கும் கலையைப் பற்றி ஒரு நூல் யாத்தார். அத்துறையில் நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் அதுவே மிகத் தொன்மையானது. எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என்று எண்ணினால் மறைவு விலகும் என்பது அவர் கண்ட உண்மை. மனிதன் தன்னை அறியாமலே ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றான். அவ்வொழுங்கே அவனைக் காட்டிக்கொடுக்கின்றது. பிறந்த நாளையும் பிள்ளையின் பெயரையும் கடவுச்சொல்லாக வைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறான, நீண்ட கடவுச்சொற்கள் வேண்டும். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரட்டைச் சரிபார்ப்பை அமைத்து, நம் கணக்கோடு வேறெந்தச் சாதனம் இணைந்துள்ளது என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வைஃபை பெட்டியும் கண்காணிப்புக் கேமராவும் கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லோடு இருந்தால், அவை ஊரார் அறிந்த பூட்டுகளே.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் தம் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் காத்தன. அக்காகிதமே அவர்களின் குடியுரிமைக்குச் சான்று. இன்று நாம் ஆதார் அட்டையின் படத்தை நகல் எடுக்கும் கடையின் எண்ணுக்கு அனுப்பிவிட்டு, அது அங்கேயே தங்கிவிடுவதை மறந்து போகின்றோம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பெறலாம். கைரேகையை அங்கே பூட்டி வைக்கவும் முடியும். கடனோ பரிசோ கைதோ, எதைச் சொல்லி எவர் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லலாகாது. பணம் பறிபோனால், காலம் தாழ்த்தாது 1930 என்ற எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். நாணி மறைப்பது திருடனுக்கே துணையாகும்.

வீட்டுக்குள்ளே

இறுதியாக ஒன்று. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவரும் பணியாளரும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்கின்றது. ஒரே கூரையின் கீழும் வாசல்கள் உண்டு என்பது இதனால் விளங்கும். மனைவியின் கைபேசியைக் கணவர் ஒளிந்து பார்ப்பதும், மருமகளின் செய்திகளை மாமியார் படிக்கச் சொல்லிக் கேட்பதும் பாதுகாப்பு ஆகா. அவை துருவி அறிதலே. சிறு பிள்ளைகளின் கைபேசியைப் பெற்றோர் கண்காணிப்பது கடமைதான். ஆயினும், கண்காணிக்கின்றோம் என்று அவர்களுக்குச் சொல்லியே செய்வது நேர்மை. மறைவில் வேவு பார்க்கப்பட்ட பிள்ளை, நாளை மிரட்டல் ஒன்று வரும்போது பெற்றோரிடம் வாய் திறக்காது. பெரியோருக்கோ கைபேசியைப் பொறுமையாகக் கற்பிக்கும் ஒருவர் வீட்டில் வேண்டும்; அவரே இக்காலத்தின் கடிதம் படித்துக் காட்டுபவர்.

அன்று நம் சேதிகளைச் சுமந்த கைகளுக்கு முகம் இருந்தது. நன்றி சொல்லவும் கேள்வி கேட்கவும் முடிந்தது. இன்று சுமக்கும் கைகளை நாம் காண்பதில்லை. ஆகவே, முன்பு பலர் பகிர்ந்து காத்த அமானிதம் பெரும்பகுதி நம் கைக்கே திரும்பிவிட்டது. அதனைப் பேணும் விழிப்பை வல்ல இறைவன் நம் இல்லங்களுக்கு அருள்வானாக!