கருவிழி வரைபடமும் இரவல் அளவுகோலும்

காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் எனத் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பெங்களூர்ப் பகுதிகளிலிருந்து பார்வைக் குறையை லேசரால் திருத்தும் லேசிக் சிகிச்சையை நாடிச் செல்லும் இளைஞருக்கு, மருத்துவமனையில் முதலில் எடுக்கப்படுவது கருவிழியின் வண்ண வரைபடம். கருவிழி எவ்வளவு வளைந்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பதை அது காட்டும். அறுவை சிகிச்சை செய்யலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அதைக் கொண்டே முடிவாகிறது. எனவே 'இயல்பு', 'ஐயம்' எனப் பிரிக்கும் வரம்புகள் எந்த மக்களின் கண்களை அளந்து வகுக்கப்பட்டவை என்று கேட்டே ஆக வேண்டும்.

போர்த்துக்கீசிய மருத்துவர் பிளாசிடோ 1880இல் அமைத்த வட்டத்தகடு, கருவிழியில் பிரதிபலிக்கும் வளையங்களின் நெளிவைக் கொண்டு முன்பரப்பை மட்டும் கணித்தது. இன்றைய பென்டாகாம் போன்ற கருவிகளில் கேமரா சுழன்று குறுக்குவெட்டுப் படங்களை எடுப்பதால் பின்பரப்பும் தடிமனும் சேர்ந்தே கிடைக்கின்றன. இது பெரிய முன்னேற்றம். கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயில், மேல்தோல் புடைப்பின் மீது மெலிந்து முன்பரப்பின் கோணலை மறைத்துவிடும். பின்பரப்பு அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடும்.

சிக்கல் வரம்புகளில் இருக்கிறது. உலக நூல்கள் கருவிழி மையத்தின் சராசரித் தடிமனைச் சுமார் 540 மைக்ரான் என்கின்றன. சென்னைக் குளுக்கோமா ஆய்வு தென்னிந்தியரிடம் கண்டதோ சுமார் 511. அப்படியானால் 500 மைக்ரான் கருவிழி நோயின் அறிகுறியா, நம் மக்களின் இயல்பா? கணக்கை மட்டும் பார்த்தால் தடையில்லை. 6 மி.மீ. விட்டமுள்ள பரப்பில் ஒரு டயாப்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் செதுக்க வேண்டும். 6 டயாப்டர் கிட்டப்பார்வைக்கு 72. லேசிக்கில் முதலில் வெட்டித் தூக்கும் மேல்மடலுக்கு 110 போனாலும் 318 மிஞ்சும். குறைந்தபட்சமாகக் கொள்ளப்படும் 250ஐவிட அது அதிகம். ஆனால் லேசிக்குக்குப் பிறகு கருவிழி புடைத்த நிகழ்வுகளை 1998இல் சைலர் குழுவினர் வெளியிட்டதிலிருந்து, தடிமனை மட்டும் நம்ப முடியாது என்பது தெரிந்ததே.

கிராமப்புற மகாராஷ்டிரத்தில் கெரட்டோகோனஸ் 2.3 சதவீதம் என்று 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பழைய கணக்கு லட்சத்துக்கு 54.5. நாற்பது மடங்குக்கும் மேலான இந்த வேறுபாடு முழுவதும் நோயினுடையது என்று நான் ஏற்கவில்லை. மினசோட்டாவில் மருத்துவப் பதிவுகளிலிருந்து எண்ணினார்கள். மகாராஷ்டிரத்தில் வளைவு 48 டயாப்டரை எட்டினாலே நோய் என்று கொண்டார்கள். சிறிய கண்களில் வளைவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். வரம்பு நகர்ந்தால் நோயாளிகளின் தொகையும் நகரும்.

வரம்பைத் திருத்தினாலும் வடிவத்தை மட்டும் அளப்பது போதாது; வடிவம் கெடுமுன் திசு பலவீனமாகிறது என்பதே என் கருத்து. பெங்களூர் நாராயணா நேத்ராலயா ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்ஸிடேஸ் நொதி, கெரட்டோகோனஸ் நோயாளிகளின் மேல்தோலில் நோயின் தீவிரத்துக்கேற்பக் குறைந்திருப்பதை அவர்கள் கண்டனர். வரைபடத்தில் இதற்கு நிறமில்லை.

தென்னிந்தியக் கண்களுக்கான வரம்புகளை வகுக்கத் தேவையான வரைபடங்கள் இந்நகரத்து மருத்துவமனைகளின் கணினிகளிலேயே குவிந்திருக்கின்றன. அடையாளங்களை நீக்கி அவற்றை ஒன்றுதிரட்ட மருத்துவமனைகள் முன்வர வேண்டும். அதுவரை, ஐயத்துக்குரிய இளம் கண்ணில் ஒரே வரைபடத்தை நம்பி லேசர் தொடவேண்டாம். சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.