திமில் போன கதை

திருப்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பனியன், ஜட்டி, டாலர்! சரிதான். ஆனால், பனியன் மெஷின் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே பக்கத்திலிருக்கும் காங்கயம் பெரிய பேர் வாங்கிவிட்டது. காரணம், ஒரு காளை!

காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பு. ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். வளர்ந்தால் வண்டி இழுக்கும், உழும், கிணற்றில் கவலை இறைக்கும். இந்த இனத்தை வளர்த்தெடுத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல காளை, நல்ல பசு என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த மந்தை அவருடையது.

மேய்ச்சலுக்குக் 'கொறங்காடு'. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். ஒரு காடு மேய்ந்ததும் மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். பழைய காட்டில் புல் மறுபடி தழைக்கும். மழை குறைந்த பூமியில் இதுவும் விஞ்ஞானம்தானே?

ஆனால், விஞ்ஞானம் என்ற பேரோடு பின்னால் வந்தது வேறு. அதன் ஆரம்பத்தைப் பார்க்க மைசூர் வரை போகணும். 1939-ல் அங்கே அரண்மனைப் பால் பண்ணையில் டாக்டர் சம்பத்குமரன் இந்தியாவின் முதல் செயற்கைக் கருவூட்டலைச் செய்து காட்டினார். விந்து, ஹோல்ஸ்டீன் என்ற சீமைக் காளையுடையது. பசுக்கள், ஹள்ளிகர். இதுவும் காங்கயம் மாதிரி உழைப்புக்குப் பேர்போன நாட்டு இனம்!

1970-ல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. கால்நடை டாக்டர்கள் ஊர் ஊராகப் பாடம் எடுத்தார்கள். 'நஞ்சுக்கொடி விழட்டும்னு காத்திருக்காதீங்க, கன்னுக்கு உடனே சீம்பால் குடுங்க!' 'காலையில பருவம் தெரிஞ்சா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலையில!' கோமாரிக்குத் தடுப்பூசி. எல்லாமே தங்கமான பாடங்கள். 1998-ல் பால் உற்பத்தியில் அமெரிக்காவையே முந்தி முதலிடத்துக்கு வந்தோம்.

காங்கயம் பசு ஓர் ஈத்துக்குச் சராசரியாக 540 கிலோ பால் தரும். ஜெர்சி கலப்பு அதைப்போலப் பல மடங்கு. பால் சொசைட்டியில் தவறாமல் காசு வரும்போது எந்தக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லும்?

அப்புறம் என்ன சிக்கல்? திமில்! நுகத்தடி உட்காருவது திமிலுக்கு முன்னால். கலப்பினத்துக்கு அது சரியாக எழும்பாது. வெயிலும் தாங்காது. காளைக்கன்று பிறந்தால் வண்டிக்கும் ஆகாது, ஏருக்கும் ஆகாது. அடிமாடுதான்.

டாக்டர்கள் மேல் மட்டும் பழி போட முடியுமா? 1932-ல் பைகாரா மின்சாரம் உற்பத்தியானதுமே கவலைக்கு முடிவுகாலம் ஆரம்பம். பம்ப்செட் கிணற்றைப் பிடித்தது, டிராக்டர் வயலைப் பிடித்தது. வேலை போன காளையை எத்தனை நாள் சும்மா கட்டி வைப்பது? 1990-ல் சுமார் 11.7 லட்சமாக இருந்த காங்கயம் மாடுகள், 2000-ல் சுமார் 4.8 லட்சம். பத்தே வருஷத்தில் பாதிக்கு மேல் காலி!

பாடம் தப்பில்லைங்க. கேன்ல எத்தனை லிட்டர் விழுதுன்னு அளந்தவங்க, 'இந்தப் புல்லுக்கும் இந்த வெயிலுக்கும் எந்த மாடு?' என்று கேட்க மறந்ததுதான் தப்பு. கொறங்காட்டுப் புல் கலப்பினத்துக்குப் போதாது. புண்ணாக்கும் தவிடும் காசு போட்டு வாங்கணும். மழை பொய்த்தால் பால் காசு தீவனத்துக்கே போய்விடும்.

இன்று குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இந்த இனத்தைக் காப்பாற்றப் பாடுபடுகிறது. கண்ணபுரம் மாரியம்மன் தேர்த் திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டுச் சந்தைக்கு ஒரு சித்திரையில் போய்ப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் காளையின் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். மாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வரலாம்!